பரீட்சைக்கு 15 நாள் இருக்கையில்

சுதந்திரப் போராட்ட வீரரும் மார்க்சிஸ்ட் கட்சித் தலைவருமான தோழர் என். சங்கரய்யா 2023 நவம்பர் 15 அன்று 102 வயதில் காலமானார். மதுரை அமெரிக்கன் கல்லூரியின் மெயின் ஹாலையும் வாஷ்பர்ன் ஹால் விடுதி இரவுகளையும் பற்றி இந்த முன்னாள் மாணவர் மலரில் எழுத நம்மில் பலர் உண்டு. பட்டம் வாங்காமலே அந்த வளாகத்தை விட்டுப் போன அந்த மூத்த மாணவரைப் பற்றியும் ஒரு பக்கம் வரவேண்டும்.

கோவில்பட்டியில் பிறந்து மதுரையில் வளர்ந்தவர். 1937இல் அமெரிக்கன் கல்லூரியில் சேர்ந்தார். இன்டர்மீடியட் முடித்து பி.ஏ. வரலாறு. படிக்கும்போதே மதுரை மாணவர் சங்கத்தின் செயலாளர். 1940இல் மதுரையில் கம்யூனிஸ்ட் கட்சிக் கிளை அமைந்தபோது அதிலும் உறுப்பினர். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் மீதான அடக்குமுறையைக் கண்டித்ததற்காக 1941 பிப்ரவரி 28 அன்று கைதானார். இறுதித் தேர்வுக்கு இன்னும் 15 நாள்தான். நான்கு வருடம் படித்திருந்தாலும் அந்தத் தேர்வை எழுதாதவருக்குப் பட்டம் கிடையாது. 18 மாதம் கழித்து வெளியே வந்தவர் மறுபடி வகுப்புக்குத் திரும்பவில்லை. நாட்டுக்கு அப்போது வேறு வேலை இருந்தது, அதை அவர் எடுத்துக்கொண்டார்.

பிறகு கம்யூனிஸ்டுகள் மீது ஆங்கிலேய அரசு போட்ட மதுரைச் சதி வழக்கு. கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி உள்ளிட்டோருடன் சிறையில் இருந்தவர் விடுதலையானது 1947 ஆகஸ்ட் 14 அன்று, சுதந்திரத்துக்கு முந்தைய நாள். அடுத்த மாதமே ஆசிரியை நவமணியுடன் திருமணம். அவர் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். அதன்பின் கட்சி தடை செய்யப்பட்டது, தலைமறைவு, மீண்டும் சிறை. மொத்தச் சிறைவாசம் 8 ஆண்டு. 1964இல் கட்சியின் தேசியக் கவுன்சிலிலிருந்து வெளியேறி மார்க்சிஸ்ட் கட்சியை உருவாக்கிய 32 பேரில் ஒருவர். 1995 முதல் 2002 வரை அக்கட்சியின் மாநிலச் செயலாளர். 2021இல் தமிழக அரசின் தகைசால் தமிழர் விருதோடு வந்த 10 லட்சம் ரூபாயை அப்படியே முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டார்.

கல்லூரி தராத பட்டத்தை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டமாகத் தர முன்வந்தது. ஆட்சிக்குழு தீர்மானம் போட்டாலும் வேந்தரான ஆளுநர் கையெழுத்திட்டால்தான் அது செல்லும். அப்போதைய ஆளுநர் ஆர்.என். ரவி கையெழுத்திடவில்லை. 2023 நவம்பர் 2இல் நடந்த பட்டமளிப்பு விழாவை அப்போதைய உயர்கல்வி அமைச்சர் பொன்முடி இதைச் சொல்லிப் புறக்கணித்தார். பதின்மூன்றாம் நாள் சங்கரய்யா மறைந்தார். சிறை சென்று பட்டத்தை இழந்தவருக்கு 82 வருடம் கழித்தும் ஒரு கையெழுத்தை மறுத்தது, எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் நெஞ்சை அறுக்கிற செயல்.

நம்மில் பெரும்பாலோர் பட்டம் கைக்கு வந்ததும் விமானம் ஏறியவர்கள். விசாவும் வேலையும் அந்தக் காகிதம் தந்தவை; கல்லூரிக்கு அந்த நன்றிக்கடன் என்றும் உண்டு. அந்தக் காகிதம் இல்லாத சங்கரய்யாவை 1967இல் மதுரை மேற்கும், 1977லும் 1980லும் மதுரை கிழக்கும் சட்டமன்றத்துக்கு அனுப்பின. வைகையின் இரு கரையிலும் அவர் குரல் ஒலித்த கூட்டங்களை நினைக்கையில், அந்த ஊரின் கவலைகளை அங்கேயே இருப்பவர்களின் தோளில் விட்டுவிட்டு வந்தோமே என்று மனம் கனக்கிறது.

ஆசிரியர் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். மலரின் பெயர்ப் பட்டியலில் பட்டம் பெற்ற ஆண்டைப் போடுகிறோம். அவருக்கு அப்படி ஓர் ஆண்டு இல்லை. ‘என். சங்கரய்யா, வரலாறு, 1937–41’ என்று அடுத்த மலரில் அச்சிடுங்கள்.