எட்டாத மணி

அன்று வார்டில் எனக்கு நர்ஸ் நைட் டியூட்டி. விடியற்காலை 3.30 மணிக்குத் தொப்பென்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், நோயாளி ஐயா ஒருவர் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் பக்கவாட்டில் கிடந்தார். பக்கக் கம்பிகள் இரண்டும் தூக்கியபடியே இருந்தன. கால்மாட்டு வழியாக இறங்கியிருக்கிறார். நல்லவேளை, கம்பி மேல் ஏறவில்லை. ஏறி விழுந்திருந்தால் அடி இன்னும் பலமாக இருந்திருக்கும்.

பதற்றத்தில் தூக்கி உட்கார வைக்கத்தான் கை போகும். கழுத்து, தலை, இடுப்பைப் பார்க்காமல் அசைக்கவே கூடாது. அவருடைய வலது கால் சற்றுக் குட்டையாகத் தெரிந்தது, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது என்று எக்ஸ்ரேக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் வேறு. அப்படிப்பட்டவருக்கு மண்டைக்குள் கசிவு இருந்தால் சில சமயம் தாமதமாகத்தான் தெரியவரும். மறுநாள் முழுக்க அந்தப் பயம் என்னை விடவில்லை.

விழும் அபாயத்தை அளக்கும் மோர்ஸ் அளவுகோலில் அவருக்கு மதிப்பெண் போட்டதும் நான்தான். முன்பு விழுந்திருக்கிறார், 25. கூடவே இன்னொரு நோய், 15. கையில் ட்ரிப், 20. தளர்ந்த நடை, 10. மொத்தம் 70, அதாவது அதிக அபாயம். தாளில் எல்லாம் சரியாக இருந்தது. அழைப்பு மணியின் ஒயர் மட்டும் சுவர்க் கொக்கியில் சுருட்டி மாட்டியிருந்தது. இரவு விரிப்பு மாற்றும்போது மாட்டியவள் நான், திரும்ப எடுத்து வைக்க மறந்துவிட்டேன்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவர் சொன்னார்: "உனக்கு வேலை வச்சிட்டேனேம்மா. இந்த நேரத்துல ஒண்ணுக்குப் போக உன்னைக் கூப்பிடணுமான்னு இருந்துச்சு."

மணி கையில் இருந்திருந்தாலும் அழுத்தியிருப்பாரா? சந்தேகம்தான். மாலையில் கொடுத்த நீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் போக வைப்பது) இரவில் எழுப்பிவிடும், படுத்திருந்தவர் சட்டென்று எழுந்து நின்றால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். அவருடைய கூச்சத்தை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

மறுநாளே டாக்டரிடம் கேட்டு, வார்டில் முடிந்தவர்களுக்கெல்லாம் நீர் மாத்திரையைக் காலை வேளைக்கு மாற்றினோம். மணியை இப்போது தலையணை ஓரத்திலேயே கிளிப் போட்டு வைக்கிறேன். அப்புறம், ரவுண்ட்ஸ் போகும்போது "ஏதாவது வேணுமா?" என்று கேட்பதையே விட்டுவிட்டேன். அதற்கு எல்லோரும் "வேண்டாம்மா" என்றுதான் சொல்வார்கள். "வாங்கய்யா, பாத்ரூம் போயிட்டு வந்திடலாம், நான் கூட வர்றேன்" என்று கையை நீட்டினால், தூங்குவது போல் படுத்திருப்பவர்கூட மெல்லப் போர்வையை விலக்குகிறார்.