ஈரம் காயும் நேரம்

மதுரை செல்லூரில் எங்கள் தெருவில் விடிவதற்கு முன்பே பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலை, விரித்துவிடுவார்கள். கஞ்சி தோய்ந்த நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டும். ஈரம் இருக்கும்போதே அப்பா பிரஷ்ஷால் நீவி நூல்நூலாகப் பிரித்துவிடுவார். காய்ந்த பிறகு பிரித்தால் நூல் அறுந்துவிடும்.

இன்று நான் செய்வதும் இழை வேலைதான். சாதாரண எக்ஸ்ரே படம் கதிர் எவ்வளவு தடுக்கப்பட்டது என்பதை மட்டும் காட்டும். எலும்பு தெரியும், தசைநார் தெரியாது. ஆனால் தசையைக் கடக்கும் கதிரலையின் கட்டம், அதாவது அலையின் ஏற்ற இறக்கம் நிற்கும் நிலை, நன்றாகவே மாறுகிறது. அதனால் கதிர் மிகமிகச் சிறிதாக வளைகிறது. 2006-ல் சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் ஃபிரான்ஸ் ஃபைஃபர் குழுவினர் மூன்று கீற்றணிகளை (நெருக்கமான மெல்லிய கோடுகள் கொண்ட தகடுகளை) வைத்து, சாதாரண எக்ஸ்ரே குழாயிலேயே அந்த வளைவைப் படம் பிடித்துக் காட்டினார்கள்.

அந்த முறையில் வரும் மூன்றில் கடைசிக் கீற்றணிதான் என் பொறுப்பு. சிலிக்கான் தகட்டைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் அரித்து, 2 மைக்ரான் தடிமனும் 60 மைக்ரான் உயரமும் உள்ள சுவர்களை 2 மைக்ரான் இடைவெளியில் நிறுத்த வேண்டும். இடையில் தங்கம் நிரப்ப வேண்டும். தங்கத்துக்கு அந்த ஆழம் இல்லையென்றால் கதிர் ஊடுருவிவிடும்.

நுண்ணோக்கியில் பார்த்தால் சுவர்கள் இரண்டிரண்டாகத் தலை சாய்ந்து ஒட்டி நின்றன. அங்கே தங்கம் இறங்கவில்லை, படத்தில் கோடுகள் மங்கின. அரிப்பில்தான் தவறு என்று நினைத்து மூன்று மாதம் வெப்பநிலையையும் அடர்த்தியையும் மாற்றிக்கொண்டே இருந்தேன். வீண். ஒருநாள் தகட்டைத் தண்ணீருக்குள் வைத்தே பார்த்தேன். எல்லாச் சுவரும் நேராக நின்றன! வெளியே எடுத்துக் காயவிட்டதும் ஒட்டிக்கொண்டன. இடையில் தங்கிய தண்ணீரின் பரப்பு இழுவிசைதான் சுவர்களைச் சேர்த்து இழுத்திருக்கிறது. அப்பாவின் பாவு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அப்புறம் தகட்டைக் காயவிடாமல், தண்ணீரிலிருந்து நேராக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலுக்கு மாற்றினேன். அதன் இழுவிசை தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நடுப்பகுதிச் சுவர்கள் நிமிர்ந்து நின்றன. அந்தக் கீற்றணியில் எடுத்த கோழிக்கால் படத்தில் எலும்பை ஒட்டி ஓடும் தசைநார் தெரிந்தபோது கண் கலங்கிவிட்டது.

ஓரங்களில் மட்டும் இன்னும் ஒட்டல் இருந்தது. வீட்டில் அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஓரம்தானப்பா முதல்ல காயும்" என்றார். மறுநாளிலிருந்து தகடு இருக்கும் தட்டை மூடிவைத்து மெதுவாகக் காயவிடுகிறேன்.