எல்லையில் சோதனை இல்லைதான், ஆனால் ஆவணம்?

பாரிசில் ரயில் ஏறி பிரஸ்ஸல்ஸில் இறங்கும் வரை ஒருவரும் கடவுச்சீட்டைக் கேட்பதில்லை என்பதால், அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்படுவோர் நம்மவரிடையே பலர் உண்டு. லக்சம்பேர்க்கின் ஷெங்கன் என்ற ஊரில் 1985இல் கையெழுத்தான உடன்படிக்கையைத் தொடர்ந்து, 1995 மார்ச்சில் ஏழு நாடுகள் நீக்கியது எல்லைச் சோதனையை மட்டுமே. ஆவணம் வைத்திருக்கும் கடமை அப்படியே இருக்கிறது. 2024 செப்டெம்பரில் ஜேர்மனி தன் தரை எல்லைகள் அனைத்திலும் தற்காலிகச் சோதனையைத் தொடங்கியபோது இது பலருக்கும் உறைத்திருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்குத் தேசிய அடையாள அட்டையே போதும். 2021 ஆகஸ்ட் முதல் புதிதாக வழங்கப்படும் அட்டைகளில், நீலக் கட்டத்தில் பன்னிரண்டு நட்சத்திரங்கள் சூழ நாட்டின் இரண்டெழுத்துக் குறியீடும், முகப்படமும் இரு விரல்ரேகைகளும் பதிந்த சில்லும் இருக்கின்றன. புகைப்படத்தை ஒட்டி முத்திரை குத்தி, இரண்டாக மடித்துப் பையில் வைக்கும் இத்தாலியின் பழைய காகித அட்டைக்கு 2026 ஆகஸ்ட் 3உடன் ஆயுள் முடிகிறது. அந்தக் காகிதத்தை நம்பி இத்தனை காலம் எல்லை கடக்க விட்டார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. டென்மார்க்கில் பயணத்துக்குச் செல்லுபடியாகும் தேசிய அட்டையே கிடையாது. அந்நாட்டவர் பொதுவாகக் கடவுச்சீட்டோடுதான் போக வேண்டும்.

உண்மையான குழப்பம் வதிவிட அனுமதி அட்டையில்தான். அளவிலும் தோற்றத்திலும் அது அடையாள அட்டையைப் போலவே இருப்பதால், இலங்கை அல்லது இந்தியக் குடியுரிமையோடு பிரான்சில் வாழ்பவர் அதை மட்டும் காட்டி இத்தாலிக்குப் போய்வரலாம் என்று நினைத்துவிடுகிறார். அந்த அட்டை வசிக்கும் உரிமைக்குச் சான்றே தவிர, பயண ஆவணம் அன்று. செல்லுபடியாகும் கடவுச்சீட்டும் கூடவே இருந்தால்தான், மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாட்களிலும் 90 நாட்கள் வரை விசா இல்லாமல் தங்கலாம். ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி உள்நாட்டில் எத்தனை வேலை முடித்திருந்தாலும், எல்லைக் காவலரிடம் அது செல்லாது.

ஷெங்கனுக்கு வெளியே உள்ள அயர்லாந்துக்கு இந்த 90 நாள் ஏற்பாடு பொருந்தாது. பிரித்தானியாவோ, அங்கே வதிவிட உரிமை பெற்றவர்கள் போன்ற சிலரைத் தவிர்த்து, 2021 அக்டோபர் முதல் ஒன்றியக் குடிமக்களிடமும் கடவுச்சீட்டையே கேட்கிறது.