பூட்டுக்கு ஒரு தேதி வேண்டும்: மே மாத நாட்குறிப்பு

2025 மே 4, ஞாயிறு

அக்கா மகன் கல்லூரி விடுமுறைக்கு வந்து மூன்று நாளாகிறது. நேற்று அலமாரியைக் குடைந்து, 2008இல் நான் வாங்கிய ஒரு கேம் டிஸ்கை எடுத்துவிட்டான். அதன் பெயர் இங்கே வேண்டாம். நமக்கென்று ஒரு வீரனை உருவாக்கிக்கொண்டு, வாரக்கணக்கில் ஊர் ஊராக அலைந்து கதையை வளர்க்கும் ஆர்பிஜி வகை. டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் 999 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அதே தெருவில் பத்துக் கடை தள்ளி அதன் நகல் நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. எனக்கு அந்த அட்டைப்பெட்டி வேண்டியிருந்தது, உள்ளே மடித்து வைத்த வரைபடம் வேண்டியிருந்தது. செய்தவர்களுக்கு என் காசு போய்ச் சேரவேண்டும் என்ற எண்ணமும் இருந்தது.

இப்போதைய கணினியில் டிஸ்க் போட இடமே இல்லை. நண்பனிடம் யுஎஸ்பி டிவிடி டிரைவ் இரவல் வாங்கி வந்தோம். இன்ஸ்டால் ஒழுங்காக ஆனது. பிறகு சீரியல் நம்பர் கேட்டது. கையேட்டின் பின்னட்டையில் ஒட்டிய சின்ன வெள்ளைத் தாளில் 20 எழுத்துகள். பதினேழு வருடத்தில் பசை மஞ்சளாகி, ஏழாவது எழுத்து 'பி'யா 8ஆ என்றே தெரியவில்லை. அவன் மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, கண்ணைத் தாளுக்கு ஒட்டிவைத்துப் பார்த்தான்.

"8 தான் மாமா. நடுவுல ரெண்டு பக்கமும் உள்ள போகுது பாருங்க."

8 போட்டதும் ஏற்றுக்கொண்டது. அடுத்த திரையில், இணையம் வழியாக உறுதிசெய்ய வேண்டும் என்றது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான்கு நிமிடம் கழித்து, சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று வந்தது. ஐந்து முறை முயன்றோம். ஐந்து முறையும் அதே வரி.

"நீங்க காசு குடுத்துதானே வாங்குனீங்க?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டிஸ்கைத் துடைத்து உறையில் போட்டேன்.

மே 5

இரவு தூக்கம் வரவில்லை. 2008ஆம் வருடத்து மே மாதம் நினைவுக்கு வந்தது.

அந்த மாதம் பயோவேர் ஸ்டூடியோவின் மாஸ் எஃபெக்ட் என்ற ஆர்பிஜி கணினிக்கு வரவிருந்தது. நகலைத் தடுக்கும் செக்யூரோம் என்ற மென்பொருள் பூட்டோடு வரும், நிறுவும்போது மட்டுமல்ல, 10 நாளைக்கு ஒருமுறை கேம் தானாகவே சர்வரிடம் அனுமதி கேட்கும், அனுமதி வராவிட்டால் ஓடாது என்று அறிவித்தார்கள். விளையாடுகிறவர்கள் கொதித்துப் போனார்கள். 'நான் வாங்கினது பொருளா, வாடகையா' என்பதுதான் அன்று எல்லோர் வாயிலும் இருந்த கேள்வி. சில நாட்களிலேயே, அதை வெளியிடும் இஏ நிறுவனம் 10 நாள் சோதனையைக் கைவிட்டது. ஆனால் மூன்று கணினிக்கு மேல் நிறுவ முடியாது என்ற வரம்பு நின்றது. அந்த செப்டம்பரில் இதே பூட்டோடு ஸ்போர் என்ற கேம் வந்தபோது, அமேசானில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தார்கள். பிறகு அதன் வரம்பை ஐந்தாக உயர்த்தினார்கள். பழைய கணினியிலிருந்து அனுமதியைத் திரும்பப் பெறும் கருவி வர 2009 ஆனது.

மூன்று, ஐந்து என்ற எண்ணைப் பற்றித்தான் அன்று அதிகம் பேசினோம். அந்த சர்வர் எத்தனை வருடம் ஓடும் என்பதை நாங்கள் போதுமான அளவு கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மே 7

பூட்டு என்றாலே எனக்கு வெறுப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். 1988இல் வந்த பூல் ஆஃப் ரேடியன்ஸ் என்ற ஆர்பிஜியின் பெட்டிக்குள் ஒரு அட்டைச் சக்கரம் இருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த வட்டங்களைத் திருப்பி, எல்ஃப் எழுத்தையும் குள்ளர் எழுத்தையும் பொருத்தினால் ஓட்டைக்குள் ஒரு சொல் தெரியும். அதைத் தட்டினால்தான் கதவு திறக்கும். அதுவும் நகலைத் தடுக்கத்தான். ஆனால் சாவி வாங்கியவன் கையிலேயே இருந்தது. கம்பெனியே மூடிப்போனாலும் அட்டைச் சக்கரம் சுற்றும்.

மே 9

அதே அலமாரியில் ஒரு பழைய ஹார்டு டிஸ்க். 2013இல் ஒரு தள்ளுபடியில் ஜிஓஜி என்ற இணையக் கடையில் வாங்கிய விட்சர் 2 என்ற ஆர்பிஜியின் இன்ஸ்டாலரை அதில் போட்டு வைத்திருந்தேன். ஒரு செட்டப் கோப்பு, கூடவே வால் வாலாகச் சில பெரிய கோப்புகள். அவ்வளவுதான்.

வைஃபையை அணைத்துவிட்டு நிறுவச் சொன்னேன். அவன் சந்தேகமாகப் பார்த்தான். பச்சைப் பட்டை நகர்ந்து முடிந்தது. யாரிடமும் எதையும் கேட்காமல் கேம் திறந்தது. வெண்முடி நாயகன் கெரால்ட் திரையில் வந்து நின்றதும் எனக்குத் தொண்டை அடைத்தது. பன்னிரண்டு வருடம், இரண்டு கணினி மாற்றம், ஒரு வீடு மாற்றம், எல்லாம் கடந்து அதே ஆள்.

மே 11

அவன் முன்னுரைப் பகுதியிலேயே பதினோரு முறை செத்தான். லா வாலெட் கோட்டை முற்றுகை, பாலத்தின் மேல் டிராகன். "இது நியாயமே இல்ல மாமா, சண்டை நடுவுல மருந்து குடிக்க விட மாட்டேங்குது."

விடாது. இந்த கேமில் மருந்தைச் சண்டைக்கு முன்பே, தியானத்தில் உட்கார்ந்துதான் குடிக்க வேண்டும். எதிரே என்ன வரப்போகிறது என்று யோசித்துவிட்டுப் போக வேண்டும். 2011இல் இதைத் திட்டியவர்கள் நிறையப் பேர். நிறுவனமும் காது கொடுத்து, அந்த வருடமே 2.0 பதிப்பில் பயிற்சிப் பகுதி ஒன்றைச் சேர்த்தது. மருந்து விதியை மட்டும் மாற்றவில்லை. நல்லதுதான் செய்தார்கள் என்பேன். வேட்டைக்குப் போகிறவன் கிளம்பும் முன் தயாராவதுதானே முறை.

மே 13

சாப்பிடும்போது அவன் கேட்டான், இது மட்டும் ஏன் பூட்டில்லாமல் இருக்கிறது என்று. நீளமான பதில் சொன்னேன், இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

விட்சர் 2ஐச் செய்த சிடி புரொஜெக்ட் போலந்துக்காரர்கள். 1994இல் தொடங்கியபோது அந்த நாட்டில் கேம் என்றால் சந்தையில் வாங்கும் நகல்தான். 1999இல் பால்டர்ஸ் கேட் ஆர்பிஜியைப் போலிஷ் மொழியில் கொண்டுவந்தபோது, நகலோடு விலையில் போட்டியிட முடியாது என்று தெரிந்து, பெட்டியில் போட்டியிட்டார்கள். தேர்ந்த நடிகர்களின் குரல், பழந்தாள் போன்ற வரைபடம், விதிப்புத்தகம், இசைக் குறுந்தகடு. முதல் நாளே 18,000 பெட்டிகள் போயின. வரைபடத்துக்காகப் பெட்டி வாங்கிய எனக்கு அந்த மக்களை நன்றாகப் புரிகிறது.

அவர்களே 2008இல் ஜிஓஜியைத் தொடங்கினார்கள். பழைய கேம்களைப் பூட்டில்லாமல் விற்கும் இடம். பிறகு 2011 மே 17இல் விட்சர் 2 வெளியானது. கடையில் விற்ற டிஸ்கில் செக்யூரோம் பூட்டு இருந்தது. ஜிஓஜியில் விற்றதில் ஒரு பூட்டும் இல்லை. ஒரே கேம், ஒரே நாள்.

ஜிஓஜி பிரதிதான் முதலில் திருட்டுத்தனமாகப் பரவும் என்று தொழிலில் இருந்த பலரும் நம்பினார்கள். பரவியது கடைப்பிரதி. பூட்டை உடைத்ததுதான் உடைப்பவர்களுக்குப் பெருமை. பூட்டே இல்லாததை வெளியிட்டு யாரிடம் மார்தட்டுவது? பத்து நாட்களுக்குள் 1.1 பேட்ச் என்ற திருத்தக் கோப்பு வந்து, கடைப்பிரதியிலிருந்தும் செக்யூரோமைக் கழற்றிவிட்டது. பூட்டைக் கழற்றியதால் கேம் வேகமாக ஓடுகிறது என்று நிறுவனமே சொன்னது. அதாவது அந்தப் பத்து நாளும் காசு கொடுத்துக் கடையில் வாங்கியவர் மெதுவான கேமை ஓட்டினார்.

அவன் தட்டில் விரலால் கோலம் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

மே 15

2012இல் இதே நாளில் டயாப்லோ 3 என்ற கேம் வந்தது. தனியாக விளையாடினாலும் சர்வரோடு இணைந்தே இருக்க வேண்டும். முதல் நாள் உள்ளே நுழைய முயன்றவர்களுக்குக் கிடைத்தது 'எரர் 37'. அப்படியும் 24 மணி நேரத்தில் 35 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. கோபப்பட்டவர்களில் பலரும் வாங்கியவர்கள்தான். நிறுவனங்கள் நம் கோபத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மே 16

டிவிடி டிரைவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். நண்பன் ஒரு சின்ன நிறுவனத்தில் கேம் எழுதுகிறவன். இரண்டு மணி நேரம் வாக்குவாதம்.

"மச்சான், நீ விளையாடுறவன், நான் செய்றவன். டைட்டன் குவெஸ்ட் கதை தெரியும்ல?"

தெரியும். 2006இல் அயர்ன் லோர் என்ற அமெரிக்க ஸ்டூடியோ செய்த ஆர்பிஜி. நகல் என்று கண்டுபிடித்தால் திடீரென்று மூடிக்கொள்ளும்படி உள்ளே சோதனைகளை வைத்திருந்தார்கள். வெளியாகும் முன்பே அரைகுறையாக உடைத்த நகல் பரவியது. அதை ஓட்டியவர்கள் 'ஒரே பிழை, அடிக்கடி நின்றுவிடுகிறது' என்று ஊரெல்லாம் சொன்னார்கள். கேமின் பெயர் கெட்டது. 2008இல் அயர்ன் லோர் மூடியதும், வெளியிட்ட டிஹெச்க்யூவில் இருந்த மைக்கேல் ஃபிட்ச் இதையெல்லாம் மனம் வெந்து எழுதினார். அந்த வலி பொய்யில்லை.

"விக்கிறதே முதல் சில வாரம்தாண்டா. அதுக்குள்ள நகல் வந்துட்டா எங்க பொழப்பு?" என்றான். டெனுவோ போன்ற இன்றைய பூட்டுகள் அந்த முதல் வாரங்களைக் காக்கத்தான். 2014 நவம்பரில் டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன் அதோடு வந்தது. சில வாரங்கள் தாக்குப்பிடித்தது, பிறகு உடைந்தது.

சரி, அவன் வாதத்தை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். முதல் வாரங்களுக்குப் பூட்டு வேண்டும் என்றால் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் எந்தத் தேதியில் கழற்றுவோம் என்று பெட்டியிலேயே அச்சடிக்க வேண்டும். மருந்துக்குப் போடுகிறார்கள், பால் பாக்கெட்டுக்குப் போடுகிறார்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ, அவர்களே முடிவு செய்யட்டும். நாள் வந்ததும் ஒரு பேட்ச், அவ்வளவுதான். விட்சர் 2 பத்தே நாளில் செய்து காட்டியது. விற்பனை முடிந்து, கடையில் பெட்டியும் தீர்ந்து, செய்தவர்கள் வேறு வேலைக்குப் போன பிறகும் பூட்டு மட்டும் காவலுக்கு நிற்பது யாருக்காக?

நண்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தேதி போட்டா நான் ஒத்துக்குவேன்" என்றான்.

மே 17

விட்சர் 2க்கு இன்று 14 வயது. எனக்குப் பிடித்தவர்கள் செய்த தப்பையும் எழுத வேண்டும்.

2011 இறுதியில், சிடி புரொஜெக்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான மார்சின் இவின்ஸ்கி ஒரு கணக்குச் சொன்னார். ஒரே நேரத்தில் 20,000 பேர் டோரண்ட் என்ற கோப்புப் பகிர்வு வழியில் இறக்குகிறார்கள், ஒருவருக்கு 6 மணி நேரம் ஆகிறது, ஆக நாளுக்கு 4 சுற்று, 56 நாள். பெருக்கினால் ஏறத்தாழ 45 லட்சம் திருட்டுப் பிரதிகள். விற்றதோ அப்போது பத்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். வயிறு எரியாமல் இருக்குமா?

எரிந்தது. பூட்டைக் கழற்றிய அதே நிறுவனத்தின் சார்பில், ஜெர்மனியில் டோரண்டில் இறக்கியதாகச் சொல்லப்பட்டவர்களுக்கு 900 யூரோவுக்கு மேல் கேட்டு வக்கீல் கடிதங்கள் போயின. ஐபி முகவரியை மட்டும் வைத்து ஆளைக் குறித்தால் தப்பான வீட்டுக்கும் கடிதம் போகும் என்று விளையாடுகிறவர்கள் சத்தம் போட்டார்கள். சத்தம் போட்டவர்களில் காசு கொடுத்து வாங்கியவர்களும் இருந்தார்கள். 2012 ஜனவரியில் நிறுவனமே பகிரங்கக் கடிதம் எழுதி, வக்கீல் கடிதங்களை நிறுத்தியது. அந்தச் சத்தம் போட்டவர்களை நான் மதிக்கிறேன். பிடித்த நிறுவனம் என்று வாயை மூடிக்கொள்ளவில்லை.

மே 19

விட்சர் 3 வெளியாகி பத்து வருடம். பூட்டே இல்லாமல் வந்தது. 5 கோடிக்கு மேல் விற்றது. இன்றைக்கு இவ்வளவு போதும்.

மே 22

நேற்று நள்ளிரவு தாண்டி ஒரு மணி. ஃபிளாட்சம் ஊர்ப்பகுதி முடியும் தறுவாய். ஐயோர்வெத் என்ற எல்ஃப் கலகக்காரன், கைகள் வெறுமையாக, சுற்றிலும் எதிரிகள். அவன் வாள் நம் கையில் இருக்கிறது. கொடுக்கலாம், கொடுக்காமல் அவனை அடிக்கலாம். யோசிக்கச் சில நொடிகள்தான்.

2013இல் நான் அடித்தேன். அவனுடைய எதிரி ரோஷின் பக்கம் போனேன். அதனால் இரண்டாம் அத்தியாயம் முழுவதும் ஹென்செல்ட் அரசனின் படை முகாமில் கழிந்தது. மறுபக்கம் எனக்குத் தெரியவே தெரியாது. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று வைத்தது, வேலை, கல்யாணம் என்று தள்ளிப்போய்விட்டது.

அவன் வாளைக் கொடுத்தான். யோசிக்கவே இல்லை.

இன்று காலை அவன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வெர்கன் என்ற குள்ளர் ஊரை முதல்முறையாகப் பார்த்தேன். பாறையைக் குடைந்த வீடுகள், படிக்கட்டு படிக்கட்டாக ஏறும் தெரு, விஷம் குடித்துக் கிடக்கும் சாஸ்கியா, அவளுக்கு மருந்துச் சாமான் தேடும் வேலை. நான் காசு கொடுத்து வாங்கியதில் பாதி பன்னிரண்டு வருடமாக அந்த ஹார்டு டிஸ்கிலேயே இருந்திருக்கிறது, கெடாமல். ஒரே கதையை இரண்டு வழியில் எழுதியவர்கள், நாம் திரும்பி வருவோம் என்று நம்பித்தான் எழுதியிருப்பார்கள். திரும்பி வர எத்தனை வருடம் ஆகும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மே 25, ஞாயிறு

இரவு பஸ்ஸில் தஞ்சாவூர் கிளம்பிவிட்டான். வெர்கன் முற்றுகை வரைதான் முடிந்தது. தன் லேப்டாப்புக்கு அவனே ஜிஓஜியில் வாங்கிவிட்டான். பகுதிநேர வேலையில் சேர்த்த காசு. நான் வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றான். சேவ் கோப்பை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டான், விட்ட இடத்திலிருந்து தொடர.

அலமாரியை அடுக்கும்போது பழைய டிஸ்கின் உறையைத் திறந்தேன். சீரியல் தாளின் மேல் ஒளிபுகும் டேப் ஒட்டி, ஏழாவது எழுத்துக்கு நேரே சின்னதாகப் பேனாவில் 8 என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.