புராஜெக்ட்டுக்கு ஓடிபி மெமரி: எதை வாங்கலாம், வைவாவில் என்ன சொல்லலாம்

இறுதியாண்டு புராஜெக்ட்டில் ஓடிபி (ஒன் டைம் புரோகிராமபிள்), அதாவது ஒருமுறை மட்டுமே எழுத முடிகிற மெமரி வைக்கப்போகிறேன் என்று ஜூனியர்கள் வந்தால் நான் முதலில் கேட்பது இதுதான்: அதில் போகப்போவது புரோகிராமா, இல்லை சீரியல் நம்பர், காலிப்ரேஷன் மதிப்பு மாதிரியான டேட்டாவா?

டேட்டா என்றால் பெரும்பாலும் தனிச் சிப் வேண்டாம். வின்பாண்டின் 25க்யூ64 ஃபிளாஷிலேயே 256 பைட் கொண்ட செக்யூரிட்டி ரெஜிஸ்டர்கள் 3 இருக்கின்றன. எழுதி முடித்து லாக் பிட்டைப் போட்டுவிட்டால் அதோடு சரி, பிறகு மாற்ற முடியாது. இஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலரில் ஈஃபியூஸ் (ஒருமுறை எரித்தால் திரும்ப மாற்ற முடியாத பிட்டுகள்) உள்ளேயே இருக்கிறது. அதை எரிக்கும் மென்பொருள் 'பர்ன்' என்று கேப்பிட்டல் எழுத்தில் டைப் செய்யச் சொல்லி நிறுத்தும். அங்கே ஒரு தடவை மூச்சு விட்டுவிட்டு மதிப்பைச் சரிபாருங்கள்.

புரோகிராம் என்றால், 8031 (உள்ளே புரோகிராம் மெமரி இல்லாத, 8051 குடும்பத்து மைக்ரோகன்ட்ரோலர்) போர்டுக்கு நான் வைத்தது 27சி256 என்ற ஈபிராம் மெமரி சிப். 32 கேபி, 28 கால். மேலே கண்ணாடி ஜன்னல் உள்ளதைப் புற ஊதா விளக்கில் வைத்து அழிக்கலாம். ஜன்னல் இல்லாத பிளாஸ்டிக் சிப்பில் வெளிச்சம் போக வழியில்லை, அதனால் அது ஓடிபி. டெவலப்மென்ட்டுக்கு ஜன்னல் சிப், டெமோவுக்கு பிளாஸ்டிக் சிப் என்று இரண்டும் வாங்கிவிடுங்கள்.

28சி256 ஈஈபிராமை (மின்சாரத்தாலேயே அழித்துத் திரும்ப எழுதக்கூடிய சிப்) அதே சாக்கெட்டில் மாட்டி டெஸ்ட் செய்யலாமே என்று தோன்றும். கால் எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் ஏ14 முகவரிக் கம்பி 27சி256-இல் 27ஆம் காலிலும், 28சி256-இல் 1ஆம் காலிலும் வருகிறது. பிசிபியில் 2 ஜம்பர் விட்டால் இரண்டும் ஓடும்.

ஓடிபியில் எழுதிய பிறகும் கொஞ்சம் வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. காலி சிப்பில் எல்லா பைட்டும் எஃப்எஃப், அதாவது 8 பிட்டும் 1. எழுதுவது என்றால் 1-ஐ 0 ஆக்குவது மட்டும்தான். 8051 குடும்பத்தில் 00 என்றால் நாப், அதாவது ஒன்றும் செய்யாத கட்டளை. முக்கியமான எல்ஜம்ப்புக்கு (ஒரு ரொட்டீனுக்குத் தாவச் சொல்லும் 3 பைட் கட்டளை) பின்னால் 3 பைட்டை எஃப்எஃப் ஆகவே விட்டு வையுங்கள். ரொட்டீனில் தப்பு இருந்தால் பழைய 3 பைட்டை 00 ஆக்கி, அடுத்த 3 பைட்டில் புது ஜம்ப்பை எழுதலாம். திருத்திய ரொட்டீன் மீதிக் காலி இடத்தில் உட்காரும். புரோகிராமரில் (சிப்பில் எழுதும் கருவி) பிளாங்க் செக்கை, அதாவது சிப் காலியா என்று பார்க்கும் சோதனையை, மட்டும் ஆஃப் செய்ய வேண்டும். (இரண்டாவது முறை இதே இடத்தில் செய்ய இன்னும் 3 பைட் விட்டிருக்க வேண்டும்.)

வைவாவில் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) நிச்சயம் கேட்பது, "ஃபிளாஷ் இருக்கும்போது இது எதற்கு?" விலை குறைவு என்று ஆரம்பிக்காதீர்கள், அடுத்த கேள்வியிலேயே மாட்டுவீர்கள். எழுத விபிபி காலில் (எழுதும் மின்னழுத்தம் தரும் கால்) சுமார் 13 வோல்ட் வேண்டும், போர்டில் இருப்பது 5 வோல்ட்; புரோகிராம் தடம் புரண்டு கண்டபடி ஓடினாலும் தன்னையே அழித்துக்கொள்ள முடியாது என்று சொல்லுங்கள். எனக்கு அந்தப் பதிலுக்குப் பிறகு கேள்வி சென்சார் பக்கம் போய்விட்டது.

வாங்கும்போது, பழைய போர்டிலிருந்து கழற்றிய சிப்பைத் துடைத்து புதிதாக விற்பதுண்டு. கடையில் புரோகிராமர் இருந்தால் அங்கேயே பிளாங்க் செக் செய்து, முழுக்க எஃப்எஃப் வந்தால் மட்டும் காசு கொடுங்கள்.