“உங்கள் செல் குரூப் எண் என்ன, சிஸ்டர்?”

என் கணவருக்கு மறுநாள் காலையில் இருதய அறுவை சிகிச்சை என்று மருத்துவர்கள் சொன்ன மாலையில், சபை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். தியேட்டருக்குள் கொண்டுபோவதற்கு முன் ஒரு போதகர் வந்து ஜெபித்துவிட்டுப் போனால் போதும் என்று கேட்டேன். எடுத்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். பெயர், போன் நம்பர், எந்த ஆராதனைக்கு வருகிறீர்கள் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, “உங்கள் செல் குரூப் எண் என்ன, சிஸ்டர்?” என்றார். செல் குரூப் என்றால் வாரந்தோறும் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிற சிறு குழு. படிவம் கொடுத்துப் பல மாதம் ஆகிறது, இன்னும் எந்தக் குழுவிலும் சேர்க்கவில்லை என்றேன். “எண் இல்லையென்றால் உங்கள் ஏரியா பாஸ்டர் யார் என்று எங்களால் பார்க்க முடியாது. ஜெப விண்ணப்பத்தில் சேர்த்துவிடுகிறேன்” என்று வைத்துவிட்டார்.

காலையில் யாரும் வரவில்லை. பக்கத்துக் கட்டில் பெரியவரைப் பார்க்க வந்த ஓர் அருட்சகோதரிதான், நான் கேட்காமலேயே, என் கணவர் தலையிலும் கைவைத்து ஜெபித்தார். அவருக்கு நான் பட்ட நன்றிக்கடன் பெரியது. சபையின்மேல் ஏற்பட்ட வருத்தம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

ஆனாலும் அந்தச் சபைக்குத்தான் இன்றும் போகிறோம். வேலைக்காகவோ பிள்ளைகள் படிப்புக்காகவோ சென்னைக்கு வந்து, ஞாயிறுதோறும் ஆயிரக்கணக்கில் கூடுகிற ஒரு சபையில் உட்காருகிற குடும்பங்கள் நாங்கள் பட்ட அலைச்சலைப் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். ஊரில் சபை ஊழியரான உபதேசியார் மாதாமாதம் சங்கக் காணிக்கைக்கு வீடுவீடாக வருவார். திண்ணையில் உட்கார்ந்து நோட்டில் வரவு வைத்து முடிப்பதற்குள், வீட்டில் யாருக்குச் சுகமில்லை, எந்த அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை, யாருக்கு வரன் தேடுகிறார்கள் என்று எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். அடுத்த ஞாயிறு ஜெபத்தில் அந்தப் பெயர்கள் வரும். இங்கிலாந்தின் பிரிஸ்டலிலும் 1742இல் இதுபோலத்தான் நடந்தது. ஜெபக்கூடத்தின் கடனை அடைக்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கலாம் என்று மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் மக்கள் தீர்மானித்தார்கள். வசூலுக்குப் போனவர்கள் அந்தந்த வீட்டின் நிலையைக் கண்டுவந்து சொன்னார்கள். வெஸ்லி அதையே சுமார் பன்னிரண்டு பேர் கொண்ட வாராந்தர வகுப்புகளாக மாற்றினார். காசு வாங்கப் போன கால்கள்தான் அங்கே ஆத்தும விசாரணையைத் தொடங்கிவைத்தன. சென்னையில் எங்கள் சபையில் காணிக்கைக்கு இருக்கையின் முதுகில் கியூஆர் குறியீடு ஒட்டியிருக்கிறது. யாரும் வீட்டு வாசல் ஏற வேண்டியதில்லை.

முதல் வாரங்கள் நன்றாகவே இருந்தன. அத்தனை ஜனம் ஒரே குரலில் துதிக்கும்போது என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். பிரசங்கமும் வேதத்தைவிட்டு விலகாத பிரசங்கம். குறை அங்கே இல்லை. ஆராதனை முடிந்ததும் அடுத்த ஆராதனைக்கு இடம்விட வேண்டும் என்று வாலண்டியர்கள் எல்லாரையும் வெளியே அனுப்புவார்கள். வெயிலில் நின்று ஆட்டோவுக்குப் பேரம் பேசும்போது, இன்று ஒருவர்கூட நம் பெயரைச் சொல்லி அழைக்கவில்லையே என்று மனதுக்குள் ஒரு வெறுமை வரும். வாரம் ஏற ஏற அது கூடிக்கொண்டே போனது.

இனி படிவ விஷயம். வாசலில் வரவேற்பு மேசையில் ஓர் அட்டை கொடுப்பார்கள். அதை நிரப்பினால் சபையில் சேர்ந்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். அந்த அட்டை குறுஞ்செய்திப் பட்டியலுக்குப் போகிறது, அவ்வளவுதான். தினமும் காலையில் வாக்குத்தத்த வசனம் தவறாமல் எனக்கு வந்தது. மனிதர்தான் வரவில்லை. செல் குரூப்பில் சேர வேறு படிவம் உண்டு. அது வரவேற்பு மேசையில் கிடைக்காது. பராமரிப்புப் பிரிவு என்று பின்பக்கக் கட்டிடத்தில் இருக்கிற அறையில்தான் கிடைக்கும். ஞாயிறன்று அந்த அறை பூட்டியிருக்கும். இதைச் சொல்ல ஒரு பலகை கிடையாது. படிவத்தைக் கொடுக்கும்போது தேதி போட்ட ரசீதோ, வாங்கியவரின் பெயரோ கேட்டு வாங்குங்கள். எங்கள் முதல் படிவம் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

காத்திருந்து பயனில்லை என்று, அறிவிப்புப் பலகையில் பகுதிவாரியாக ஒட்டியிருந்த பட்டியலை எழுதிக்கொண்டு நாங்களே தேடினோம். கொரட்டூரில் ஒரு முகவரி. தலைவரின் போன் அணைத்தே இருந்தது. ஐப்பசி மழையில், கணுக்கால் தண்ணீரில் நடந்துபோய்க் கதவைத் தட்டினால், வீட்டுக்காரம்மா திறந்தார். நெற்றி நிறையக் குங்குமம். “அவர்கள் காலி செய்துகொண்டு போய் ரொம்ப நாளாகிறதே அம்மா. வெள்ளிக்கிழமையானால் பாட்டுச் சத்தம் கேட்கும். அது இல்லாமல் எங்களுக்கே வீடு வெறிச்சென்று இருக்கிறது” என்று சொல்லி, தலை துவட்டத் துண்டு கொடுத்து, காபி கொடுத்துத்தான் அனுப்பினார். பட்டியல் எந்த வருடத்தது என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். போன் எடுக்காத முகவரிக்குப் போகவே வேண்டாம்.

அடுத்துப் போன குழு முழுக்க இளம் தம்பதியர். அன்பான பிள்ளைகள். ஆனால் ஜெபம் முழுவதும் ஆங்கிலத்தில். என் கணவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்; தன் பாரத்தைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இன்னொரு குழுவில் வசனம் முடிந்ததும் சீட்டுக் கணக்கு ஆரம்பமானது; புதிதாக வந்தவர்களும் ஒரு சீட்டு எடுக்க வேண்டும் என்றார்கள். சீட்டு, இன்சூரன்ஸ், ஆள் சேர்த்தால் கமிஷன் என்று ஜெபக்குழுவுக்குள் எது நுழைந்தாலும் அன்றே எழுந்துவந்துவிடுங்கள். அங்கே உங்கள் கண்ணீருக்கும் விலை போட்டுவிடுவார்கள்.

வழி திறந்தது ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில். பெரிய சபைக்கு ஞாயிறு ஒரு முகம், வாரநாள் வேறு முகம். வெள்ளிக்கிழமை மண்டபத்தில் முக்கால்வாசி காலியாக இருக்கும். பெரிய திரை அணைந்திருக்கும். முழங்காலில் நின்று வாய்விட்டு ஜெபிக்கிறவர்களின் குரல் தனித்தனியாகக் கேட்கும். மருத்துவமனையிலிருந்து என் கணவர் வீடு திரும்பியபின், மனம் தாங்காமல் நான் மட்டும் அங்கே போய் உட்கார ஆரம்பித்தேன். அந்த அமைதியில்தான், ஊர்க் கோயிலின் பின்வரிசையில் சிறுவயதில் ஜெபித்ததுபோல், கர்த்தரோடு நேருக்கு நேர் பேச முடிந்தது. கேட்க வேண்டியதைக் கேட்டேன், கோபப்பட வேண்டியதற்குக் கோபப்பட்டேன்.

அப்படி ஒருநாள் எழுந்திருக்கும்போது, பக்கத்தில் இருந்த அக்கா ஒருவர், “பேச்சைக் கேட்டால் நம்ம பக்கம் போலிருக்கிறதே, எந்த ஊர்?” என்றார். அவர் சாயர்புரம். நடந்ததைச் சொன்னேன். ஒரு வார்த்தை பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கக் கட்டிடத்துக்கு நடந்தார். அவருடைய குழு எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். பட்டியலில் அது பக்கத்து ஏரியாவின்கீழ் இருந்ததால் எங்கள் கண்ணில் படவே இல்லை. “எல்லை பார்த்தா ஆத்துமாவைச் சேர்ப்பது?” என்று அங்கிருந்தவரிடம் கேட்டார். அத்தனை மாதம் நகராத காகிதம் அன்றைக்கே நகர்ந்தது. எண்ணையும் ஏரியா பாஸ்டரின் பெயரையும் என் கையில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த அறையிலிருந்து வெளியே வரும்போது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

அக்கா வீடு இரண்டாவது மாடி. செருப்புகள் படிவரை வரிசையாகக் கிடக்கும். ஹாலில் பாய். அக்காவின் மடியில் ஒரு நீளமான கணக்கு நோட்டு. தேதி, பெயர், விண்ணப்பம் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருப்பார். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும். ஜெபத்துக்குப் பதில் கிடைத்தால் அந்தக் கட்டத்தில் சிவப்பு மையில் தேதி எழுதுவார். ஒவ்வொரு வாரமும் பழைய பக்கத்திலிருந்துதான் ஆரம்பம். “பிரதர், எக்கோ ரிப்போர்ட் வியாழக்கிழமை வரும் என்று சொன்னீர்களே, வந்ததா?” என்று என் கணவரிடம் கேட்டபோது, அவர் பதில் சொல்லத் தடுமாறினார். சென்னைக்கு வந்தபின் அவருடைய வியாழக்கிழமையை நினைவில் வைத்திருந்த முதல் ஆள் அந்த அக்கா. அடுத்த வாரம் என் கணவரே ஜெபித்தார். திக்கித் திக்கி, தமிழில்.

இந்த ஏற்பாடு புதிதில்லை. யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில் எத்திரோ தன் மருமகன் மோசேக்குச் சொன்ன யோசனை இதுதான்: ஆயிரத்துக்கு, நூற்றுக்கு, ஐம்பதுக்கு, பத்துக்கு ஒவ்வொரு தலைவர். தென்கொரியாவின் சியோலில் 1958இல் கூடாரத்தில் தொடங்கிய சபை, அதன் போதகர் டேவிட் யாங்கி சோ 1964இல் உடல் தளர்ந்து விழுந்தபின், பெண்களைத் தலைவர்களாக வைத்து வீட்டுக் குழுக்களால்தான் வளர்ந்தது. யோயிடோ சபை என்று உலகமெங்கும் அதைத் தெரியும். நம் திருநெல்வேலித் திருச்சபைக்கும் தொடக்கம், 1780இல் பாளையங்கோட்டைப் பதிவேட்டில் எழுதிய 40 பெயர்கள். ஏற்பாடு நல்ல ஏற்பாடு. எண் இல்லாதவர்களைக் கவனிக்க ஒருவரை நியமிக்காமல் அதை நடத்துவதுதான் தவறு. இதை ஏரியா பாஸ்டரிடம் நான் நேரிலேயே சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்டார். மருத்துவமனை அழைப்புகளுக்குத் தனி எண் வேண்டும் என்று மேலே எழுதுவதாகச் சொன்னார். இன்னும் வரவில்லை. நான் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிறு ஆராதனைக்குச் சில வார்த்தைகள். அதிகாலை ஆராதனைக்குப் போங்கள். கூட்டம் குறைவு, வயதானவர்கள் அதிகம், முகம் பார்த்து ஸ்தோத்திரம் சொல்வார்கள். எப்போதும் ஒரே வாசல், ஒரே பக்கம் உட்காருங்கள். திரையில் பார்க்காமல் பேசுகிறவரையே நேரில் பார்க்க முடிகிற இடமாக இருந்தால் மனம் சிதறாது. முடிந்தால் ஒரு ஊழியத்தில் கை கொடுங்கள். நான் ஓய்வுநாள் பள்ளிச் சின்னப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாட்டில் நிரப்புகிறேன். அங்கே நிற்கிற எல்லாருக்கும் இப்போது என் பெயர் தெரியும்.

ஞானஸ்நான விஷயத்தில் கவனம். இத்தகைய சபைகளில் முழு உறுப்பினராக முழுக்கு ஞானஸ்நானம் கேட்பார்கள்; சி.எஸ்.ஐ. சபையோ குழந்தையில் பெற்றதை ஞானஸ்நானமாகவே ஏற்கிறது, மறுபடி கொடுப்பதை ஒப்புக்கொள்வதில்லை. அவசரத்தில் வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டு, பிறகு பிள்ளைகள் திருமணத்தின்போது ஊர்க் குருவானவர் முன் தவிக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும். இது உங்கள் மனச்சாட்சிக்கும் கர்த்தருக்கும் இடையே தீர வேண்டியது. செல் குரூப்பில் இருக்க அது தேவையில்லை. தேவை என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள். நாங்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை. திருவிருந்துக்குப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. ஆலயத்துக்குப் போய்வருகிறோம், ஏரியா பாஸ்டருக்கும் இது தெரியும். ஊர்ச் சங்கக் காணிக்கையை ஒரு மாதமும் பாக்கி வைக்காதீர்கள். நாங்கள் உபதேசியாருக்குப் பணம் அனுப்பியதும், அவர் ரசீதைப் படம் எடுத்து அனுப்புகிறார், கூடவே என் கணவர் சுகத்தையும் விசாரிக்கிறார்.