லோயர் பெர்த் போன கதை: டென்மார்க்காரியோட மாயவரத்துக்கு ஒரு ராத்திரி

எங்க ஆபீஸுக்கு கோபன்ஹேகன் டீம்லேந்து ஒரு பொண்ணு வந்திருந்தா, ஜூலை கடைசில, ஒரு மாசத்துக்கு. பேரு வேணாம், இங்க அவ டென்மார்க்காரி. ஆறடி ஒரு அங்குலம் உயரம், இந்த உயரத்த ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேலை இருக்கு. வந்த ரெண்டாவது நாளே கேன்டீன்ல சாம்பார் சாதத்த கிளறிக்கிட்டே "இங்கேந்து தரங்கம்பாடி எவ்ளோ தூரம்"னு கேட்டா. அவ அத ட்ரான்க்பார்னு சொன்னதால எனக்கு அரை நிமிஷம் புரியல. புரிஞ்சப்புறம் சிரிப்பு வந்துச்சு, ஏன்னா நான் மாயவரம், எங்க ஊர்லேந்து தரங்கம்பாடி முப்பது கிலோமீட்டர் கூட இருக்குமோ என்னமோ, பஸ் ஏறினா ஒரு மணி நேரம். சின்ன வயசுல அத்தை மாமா யார் வந்தாலும் அங்க தான் கூட்டிட்டுப் போவோம், டேனிஷ் கோட்டை டேனிஷ் கோட்டைன்னு வாய் நிறைய சொல்லுவோம், அந்த டேனிஷ்காரங்க யாரு எங்க இருக்காங்கன்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல. இப்ப ஒருத்தி எதிர்ல உக்காந்து அப்பளம் கடிக்கறா.

போலாம்னு முடிவாச்சு. ஆடிப் பதினெட்டு ஞாயித்துக்கிழமை வந்துச்சு, சனிக்கிழமை ராத்திரி ஏறினா விடிகாலை வீட்ல இருக்கலாம், அம்மாவும் காவேரில படைக்க ஆள் இல்லன்னு பொலம்பிக்கிட்டு இருந்தாங்க. நான் ஏசில போடறேன்னேன். அவ ஸ்லீப்பர் தான் வேணும்னா. ஏசில ஜன்னல் தொறக்காதாமே, அப்புறம் எதுக்கு ரயில்னு ஒரே கேள்வி. சரி தான், ஆனா நான் ஸ்லீப்பர்ல போயே நாலஞ்சு வருஷம் ஆச்சு, சம்பளம் ஏற ஏற நாம ஏசிக்கு ஏறிடறோம் இல்ல.

டிக்கெட் கதை தனி. நமக்கு முன்பதிவு 60 நாளுக்கு முன்னாடி தான் தொறக்கும், 2024 நவம்பர்லேந்து அப்படி, அதுக்கு முன்ன 120 நாள் இருந்துச்சு. வெளிநாட்டு டூரிஸ்ட்டுக்கு மட்டும் 365 நாள். ஆனா ஒரு வருஷம் முன்னாடி இவளுக்கு எங்க ஆபீஸே தெரியாது. தட்கல் பாக்கலாம்னா 2025 ஜூலை 1லேந்து ஆன்லைன்ல ஆதார் சரிபார்த்த அக்கவுன்ட் இருந்தா தான் போட முடியும், அவகிட்ட இருக்கறது பாஸ்போர்ட், என் அக்கவுன்ட்லயும் ஆதார் சேக்கல. கடைசில என் அக்கவுன்ட்லயே சாதாரண கோட்டால, நாடு டென்மார்க்னு போட்டு பாஸ்போர்ட் நம்பர் குடுத்து ரெண்டு டிக்கெட் எடுத்தேன், வெயிட்டிங் லிஸ்ட் 11, 12. இத அவளுக்கு வெளக்கினேன் பாருங்க, அது தான் கொடுமை. டிக்கெட் இருக்கு, ஆனா இடம் இல்ல. அப்புறம் ஆர்ஏசி ஆகும், அப்ப பாதி இடம் இருக்கு, சைடு லோயர்ல ரெண்டு பேரு உக்காந்துட்டே போகணும். அப்புறம் கன்ஃபர்ம் ஆனாலும் ஆகும். "எப்ப தெரியும்?" சார்ட் போட்டா தெரியும். "போடலன்னா?" போடுவாங்கம்மா. அவ தெனமும் காலைல வந்து குட்மார்னிங் சொல்லாம "பதினொண்ணு எட்டாச்சு"ன்னு சொல்ல ஆரம்பிச்சிட்டா. நடுவுல ரெண்டு நாள் ஆர்ஏசில நின்னு, கடைசில கன்ஃபர்ம் ஆச்சு, 33, 34.

எட்டால வகுத்து மீதி பாக்கற கணக்க சொல்லிக் குடுத்தேன். மீதி 1, 4 வந்தா லோயர், 2, 5 மிடில், 3, 6 அப்பர், 7 சைடு லோயர், மீதி இல்லன்னா சைடு அப்பர். கோட் எழுதறவ இல்லையா, குஷியாயிட்டா. அப்ப 33 லோயர், எனக்கு லோயர், ஜன்னல்னு கையத் தட்டினா. நான் ஒண்ணும் சொல்லல. பாவம்.

எக்மோர்ல ராத்திரி பத்தரைக்கு நம்ம பக்கத்து ஜனத்த பாக்கணும். உழவன், மன்னை, கம்பன், வண்டிங்க பேரே நம்ம ஊர் வாடை அடிக்கும் (நாங்க போனது எதுன்னு சொல்லல, கேக்காதீங்க). 1908ல கட்டின அந்த செவப்பு கட்டடத்த அவ நின்னு நின்னு போட்டோ எடுக்க, நான் எஸ்6 எங்க நிக்கும்னு போர்ட பாத்துட்டு ஓட, நடுவுல ஒருத்தர் சங்கிலி பூட்டு வித்துட்டு வந்தார். அவ ஒண்ணு வாங்கிட்டா. சீட்டுக்கு அடில இருக்கற வளையத்துல பையப் பூட்டி சாவிய கழுத்துல மாட்டிக்கிட்டா, தாலி மாதிரி.

இப்ப விஷயத்துக்கு வரேன். வண்டி கிளம்பல இன்னும். ஒரு அம்மாச்சி வந்தாங்க, எழுபது இருக்கும், கையில ஒயர் கூடை, கும்பகோணம் தாண்டி இருக்கற பாபநாசத்துக்கு டிக்கெட், பெர்த் நம்பர் 35, அப்பர். வந்தவங்க ஒண்ணும் கேக்கல. மேல ஒரு தடவ பாத்தாங்க, முட்டிய ஒரு தடவ பாத்தாங்க, அப்புறம் டென்மார்க்காரிய பாத்து "பாப்பா எவ்ளோ ஒசரம்"னாங்க. அவ்ளோ தான். 33 போச்சு.

அவ 35க்கு ஏறி செட்டில் ஆகி ஷூவ எங்க வைக்கறதுன்னு தெரியாம முழிச்சு, எதிர்ல இருக்கறவர் தன் செருப்ப ஃபேன் கூண்டு மேல வச்சிருக்கறத பாத்து தானும் அங்கயே வச்சு முடிக்கல, ஒரு அண்ணன் நாலு வயசு பையனத் தோள்ல போட்டுட்டு வந்துட்டார். சம்சாரத்துக்கு 38, எதிர் அப்பர், இவருக்கு 40, சைடு அப்பர். "தங்கச்சி, புள்ள நடுராத்திரில அப்பாவைத் தேடும், அவங்ககிட்ட கொஞ்சம் கேளேன்"னார். நான் என்னத்த கேக்கறது. 35உம் போச்சு. தாம்பரம் வர்றதுக்கு முன்னாடி இவ்ளோவும் முடிஞ்சிருச்சு.

சைடு அப்பர் எப்படின்னு தெரியும்ல. மத்த பெர்த்லயாச்சும் கால நடைபாதைப் பக்கம் நீட்டிக்கலாம், போறவன் வர்றவன் இடிச்சிட்டுப் போவான், போகட்டும். சைடுல தலைமாட்லயும் தடுப்பு கால்மாட்லயும் தடுப்பு, நீளமும் கொறச்சல். ஆறடி ஒரு அங்குலம் அங்க கத்திரிக்கோல் மாதிரி மடிஞ்சு படுத்திருக்கு. என் மிடில எடுத்துக்கோன்னு எவ்ளோ சொன்னேன், கேக்கல. அங்கேந்தே குனிஞ்சு கேட்டா, இது கட்டாயமான்னு. இல்லன்னேன். முடியாதுன்னு சொல்லலாமா? சொல்லலாம். யாராச்சும் சொல்லுவாங்களா? யோசிச்சுப் பாத்தேன். சொல்றவங்க இருக்காங்க, ஆனா அப்புறம் ராத்திரி பூரா அந்தம்மா முட்டியத் தடவிக்கிட்டே நம்ம கண்ணு முன்னாடி உக்காந்திருப்பாங்க, அத எவ தாங்கறது.

டிடிஆர் வந்தார். டேப்ல பேரத் தட்டிட்டு அம்மாச்சிய பாத்து, சைடு அப்பர பாத்து, "33 எங்க இருக்கு?"ன்னார். மேலேந்து ஒரு வெள்ளக் கை பாஸ்போர்ட்ட நீட்டுச்சு. டென்மார்க்குன்னு படிச்சிட்டு "தரங்கம்பாடியா?"ன்னு கேட்டார் பாருங்க, அவ எழுந்து உக்காந்து தலைய இடிச்சுக்கிட்டா. டிடிஆர் சிரிச்சிட்டு, இங்க யார் எங்க படுத்தாலும் கணக்கு சரியா இருந்தா போதும்னு போயிட்டார்.

சாப்பாடு விஷயத்துல எனக்கே சங்கடமாப் போச்சு. ரயில்ல தெரியாதவங்க எது குடுத்தாலும் சாப்பிடக் கூடாதுன்னு அவ படிச்சிட்டு வந்திருக்கா, நானும் ஆமாம்னு தலையாட்டி வச்சிருந்தேன். அம்மாச்சி ஒயர் கூடையத் தொறந்து வாழை எலைல மடிச்ச இட்லி எடுத்தாங்க, மிளகாப்பொடி நல்லெண்ணெய்ல கொழச்சு ரெண்டு பக்கமும் தடவி ஊற வச்ச இட்லி, எலையப் பிரிச்சதும் பொட்டி பூரா வாசனை. முதல்ல மேல தான் நீட்டினாங்க. அவ என்னைப் பாக்கறா, வாங்கலாமா கூடாதா. பிஸ்கட்டுன்னா வேணாம், வீட்டு இட்லின்னா பரவால்லன்னு சொன்னேன். ஏன் அப்படின்னு கேட்டா எனக்குப் பதில் தெரியாது. மூணு இட்லி சாப்பிட்டா, கண்ல தண்ணி, காரம்.

அப்புறம் விசாரணை ஆரம்பிச்சது. கல்யாணம் ஆயிடுச்சா? அவ ஒருத்தரோட ஏழு வருஷமா ஒண்ணா இருக்கா, கல்யாணம் பத்தி ரெண்டு பேருமே பேசினதில்லயாம். நான் மொழிபெயர்ப்பாளர் ஆச்சே, பொட்டில எட்டு பேரு காத நீட்டிட்டு இருக்காங்க, "நிச்சயம் ஆயிருக்கு"ன்னுட்டேன். அம்மாச்சிக்கு ரொம்ப திருப்தி. "நல்லதா போச்சு, ஆடி முடியட்டும், ஆவணில வச்சுக்கலாம்"னாங்க. அத அப்படியே அவகிட்ட சொன்னேன். இவங்க ஏன் மாசம் குறிக்கறாங்கன்னு கேட்டா, ஆடில நாங்க கல்யாணம் பண்ண மாட்டோம்னு ஆரம்பிச்சு அது எங்கயோ போய், மணி பன்னெண்டு தாண்டிருச்சு. சைடு லோயர் தாத்தா லைட்ட நிறுத்தச் சொல்லி இருமினார். இருமல்ல தான் சொல்லுவாங்க, வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க.

படுக்கறப்ப அவளுக்கு ஒரே பயம். எறங்க வேண்டிய ஸ்டேஷன் எப்படித் தெரியும், ஒலிபெருக்கில சொல்லுவாங்களா? சொல்ல மாட்டாங்க. பின்ன? நான் இந்த ஊர்க்காரி, இந்த லைன் எனக்கு அத்துப்படி, கொள்ளிடம் பாலம் வந்தா தானா முழிச்சிருவேன், தடதடன்னு சத்தம் மாறும், நீ தூங்குன்னேன். கும்பகோணம் போற சைடு லோயர் தாத்தாவும் நான் எழுப்பறேன்மான்னு வாக்கு குடுத்தார். நான் செங்கல்பட்டு பாத்தேன், மேல்மருவத்தூர்ல யாரோ ஏறினாங்க, விழுப்புரத்துல டீ டீன்னு கேட்டுச்சு, பண்ருட்டில எவரோ பலாப்பழத்தோட ஏறினார் போல, வாசனை மட்டும் ஞாபகம் இருக்கு. அவ்ளோ தான்.

யாரோ என் கால் கட்டை விரலப் புடிச்சு இழுத்தாங்க. கண்ணத் தொறந்தா டென்மார்க்காரி. பைய மாட்டி, ஷூ போட்டு, முடி சீவி நிக்கறா. அவ பக்கத்துல அம்மாச்சி, முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. "எந்திரிம்மா, சீர்காழி போயி எவ்ளோ நேரம் ஆச்சு"ன்னாங்க. தாத்தா குறட்டை.

என்ன நடந்துச்சுன்னு அப்புறம் தான் கேட்டேன். கடலூர் தாண்டினப்ப இவளுக்குத் தூக்கம் வராம கீழ எறங்கியிருக்கா, அம்மாச்சியும் தூங்கல. இவளுக்குத் தமிழ் தெரியாது, அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. அம்மாச்சி அவ கையப் புடிச்சு மூணு விரல நிமித்தி ஒவ்வொண்ணா தொட்டுக் காட்டியிருக்காங்க, செதம்பரம், சீர்காழி, மாயவரம். செதம்பரத்துல வண்டி நின்னதும் அவங்களே ஒரு விரல மடக்கி விட்டாங்களாம். கொள்ளிடம் பாலத்துல ஜன்னல் வழியா பாத்து, இருட்டுல தண்ணி மினுங்குதுன்னு ரெண்டு பேரும் பாத்துட்டு இருந்தாங்களாம். நான் முழிச்சிருவேன்னு சொன்ன அதே பாலம். அப்புறம் சீர்காழி, ரெண்டாவது விரல். மாயவரம் பிளாட்பாரத்துல எறங்கினப்பவும் ஆள்காட்டி விரல மடக்காம நீட்டிட்டே நின்னா, வண்டி நகர்ந்தப்ப ஜன்னல் கம்பிக்கு உள்ளேந்து அம்மாச்சி கைய நீட்டி அதையும் மடக்கி விட்டாங்க.

மணி நாலு. ஸ்டேஷன் வாசல்ல காப்பி, சூடு ஆற டம்ளர டபராவுல ஊத்தி ஊத்தி அவ மேலயே கொட்டிக்கிட்டா. ஆட்டோக்கார அண்ணன் எங்கம்மான்னதுக்கு நான் சொல்றதுக்குள்ள "துலாக்கட்டம்"னு எங்க வீட்டுப் பக்கத்து காவேரிப் படித்துறைய இவளே சொன்னா.

ஆடிப் பதினெட்டு பத்தி தனியா எழுதணும், இங்க ரெண்டு வரி. அந்த வருஷம், 2025ல, ஜூன் 12 அன்னிக்கே மேட்டூர் அணை தொறந்ததால ஆத்துல தண்ணி நிறைய, துலாக்கட்டத்துல கால் வைக்க எடமில்ல. அம்மா வாழை எலைல காதோலை கருகமணி, மஞ்சக் கயிறு, அரிசி வெல்லம் எல்லாம் வச்சுப் படைச்சு இவ கையிலயும் ஒரு மஞ்சக் கயித்தக் கட்டி விட்டாங்க. ஏற்கெனவே கழுத்துல பூட்டு சாவி.

மத்தியானம் தரங்கம்பாடி. முன்ன மாயவரத்துலேந்து அங்க ரயிலே போச்சு, 1926ல போட்ட மீட்டர்கேஜ், எண்பதுகள்ல நிறுத்திட்டாங்க, அப்பா அதுல போயிருக்கேன்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிட்டே வந்தார். கோட்டைய 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட எடம் வாங்கிக் கட்டினாங்க, 1845ல இங்கிலீஷ்காரன்கிட்ட வித்துட்டுப் போயிட்டாங்க. நாயக்கர் தங்கத்தகட்டுல தமிழ்ல எழுதிக் குடுத்த கடிதாசு இன்னிக்கும் கோபன்ஹேகன்ல பத்திரமா இருக்குன்னு இவ சொல்லித் தான் எனக்கே தெரியும். கடற்கரைல கொஞ்ச நேரம் நின்னோம், கோட்டை அவ நெனச்சதவிட சின்னதா இருக்குன்னா. எனக்கும் சின்ன வயசுல பெருசாத் தான் தெரிஞ்சது.

ஊருக்குத் திரும்பறதுக்கு முன்ன மதுரை பாக்கணும்னா, ஸ்லீப்பர் தான்னா. டிக்கெட் போடறப்ப பக்கத்துலயே உக்காந்துக்கிட்டா. பெர்த் என்ன வேணும்னு கேட்டேன். ஒரு நிமிஷம் கூட யோசிக்கல, மிடில்னா. மிடில எவனும் வேணும்னு கேக்க மாட்டானேன்னேன். அதான், மாயவரம் போனப்ப உன் பெர்த்த யாராச்சும் கேட்டாங்களான்னா. யாரும் கேக்கல தான்.

எனக்கு லோயர் விழுந்துச்சு. செங்கல்பட்டு வரைக்கும் தாங்கல.